விட்டு விட்டு இழுவை போகும் பழைய வண்டி: கார்புரேட்டரைக் கழற்றும் முன்...

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பழைய மோட்டார் சைக்கிளைப் புதுப்பிப்பது பற்றி உங்கள் வார இணைப்பில் வந்த கட்டுரை, பெயின்ட், குரோம், சீட் வேலைகளை நன்றாக விளக்கியிருந்தது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டி திடீர் திடீரென்று இழுவை விட்டுப்போனால் "கார்புரேட்டரைச் சுத்தம் செய்து பிளக்கை மாற்றினால் போதும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த வரியை நம்பி நல்ல கார்புரேட்டரைக் கழற்றிக் கெடுத்துக்கொள்பவர்கள் பலர் இருப்பார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். சற்று நீளம்தான், பொறுத்துக்கொள்ளவும்.

அடியோடு நின்றுபோன எஞ்சினில் கோளாறைப் பிடிப்பது எளிது. வந்து வந்து போகும் கோளாறு அப்படியல்ல. வண்டியை நிறுத்திப் பார்க்கும்போது எல்லாமே சரியாக இருக்கும். கார்புரேட்டரைக் கழற்ற வேண்டுமென்றால் பெட்ரோல் குழாய், கேபிள், சில வண்டிகளில் டேங்க், அதன் அடியில் ஓடும் வயர்கள் எல்லாம் அசைந்தாக வேண்டும். அந்த அசைவிலேயே எங்கோ விட்டுப்போயிருந்த இணைப்பு ஒன்று சேர்ந்துகொள்ளும். நாலு நாள் வண்டி பறக்கும், கார்புரேட்டர்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஐந்தாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி. ஆகவே, கோளாறு இருக்கும் நேரத்திலேயே அதைப் பார்க்க வழி செய்யாமல் ஸ்பேனரை எடுக்கக் கூடாது. இன்னொன்று, புதுப்பிப்பதற்கு முன் ஒழுங்காக ஓடிய வண்டி புதுப்பித்த பிறகு தகராறு செய்தால், பழைய பாகங்களை விடப் புதிதாகச் செய்த வேலைகளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

முதலில் திணறுவது எஞ்சின்தானா என்று பாருங்கள். எஞ்சின் சத்தம் ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. லீவரின் அடியில் 2–3 மி.மீ. ஃப்ரீ பிளே (கேபிள் இறுகும் முன் உள்ள தளர்வு) இருந்தாக வேண்டும். புது லைனிங் போட்ட டிரம் பிரேக்கில் ஷூவை விரிக்கும் கேம் இறுகியிருந்தால் ஷூ முழுதாகத் திரும்பாது, உரசிக்கொண்டே வரும். கொஞ்ச தூரம் பிரேக் போடாமல் ஓட்டி, தானாக நிற்கவிட்டு, ஹப் அருகே கையைக் கொண்டுபோனாலே தெரிந்துவிடும்.

புதிதாக போர் போட்டு (சிலிண்டரைக் கடைந்து) பிஸ்டன் மாற்றிய எஞ்சினில் மூன்றாவதாக ஒன்று உண்டு. ஒரே சீரான வேகத்தில் வெகுநேரம் போகும்போது, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் வேகம் குறையும். ஆறியதும் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். இது பெட்ரோல் கோளாறும் இல்லை, மின்சாரக் கோளாறும் இல்லை. பிஸ்டன் சிலிண்டரில் பிடிக்கத் தொடங்கிவிட்டது. அந்த நொடியே கிளட்ச்சைப் பிடித்து ஆக்சிலேட்டரை விட வேண்டும். அதற்குப் பிறகு சோதனை ஓட்டமே கூடாது. சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தால் பிஸ்டன் பக்கவாட்டில் மேலும் கீழுமாக இழுத்த கோடுகள் தெரியும்.

இவை மூன்றும் இல்லை என்றால், எஞ்சின் எப்படி விட்டுப்போகிறது என்பதைக் கவனியுங்கள். சாவியை அணைத்ததுபோல் ஒரே வெட்டாக நின்று, மறுபடி பிடிக்கும்போது சைலன்சரில் 'டப்' என்று வெடித்தால் அது மின்சாரம். தீப்பொறி இல்லாத நேரத்திலும் எஞ்சின் பெட்ரோலை உள்ளே இழுத்துக்கொண்டுதான் இருக்கும். எரியாத அந்தப் பெட்ரோல் சைலன்சரில் சேர்ந்து, தீப்பொறி திரும்பியதும் வெடிக்கிறது. மாறாக, இழுவை படிப்படியாகக் குறைந்து, கார்புரேட்டர் வாயில் துப்பி, ஆக்சிலேட்டரைக் குறைத்ததும் கொஞ்சம் தெளிந்தால் அது பெட்ரோல். அப்போது சோக்கைப் பாதி போட்டுப் பாருங்கள். வண்டி உயிர் பெற்றால் பெட்ரோல் போதவில்லை, இன்னும் மோசமானால் பெட்ரோல் அதிகம். குளிர்ந்த எஞ்சினில் வராமல் கால் மணி, அரை மணி ஓடிய பிறகே வந்து, ஆறினால் மறைவது மூன்றாவது ரகம். அது காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தருவது), கண்டன்சர் (பாயின்டில் பொறி பறக்காமல் தடுப்பது), டேப்பெட் (வால்வைத் திறக்கும் அமைப்பின் இடைவெளி) ஆகியவற்றின் குணம்.

மின்சாரம் என்று சந்தேகம் விழுந்தால், செலவே இல்லாத ஒரு கருவி இருக்கிறது. பேட்டரியும் காயிலும் பாயின்டும் (காயிலின் மின்சாரத்தை எஞ்சின் சுற்றச் சுற்ற வெட்டும் தொடுமுனைகள்) கொண்ட வண்டியில், காயிலுக்கு மின்சாரம் வரும் முனையிலிருந்து ஒரு மெல்லிய வயரை எடுத்து, ஒரு சிறு எல்.இ.டி. வழியாக எர்த்துக்கு (வண்டியின் உலோக உடலுக்கு) கொடுத்து, அந்த எல்.இ.டி.யை ஸ்பீடோமீட்டர் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். 12 வோல்ட் வண்டிக்கு 1 கிலோ ஓம், 6 வோல்ட்டுக்கு 470 ஓம் ரெசிஸ்டரைத் தொடரில் சேர்க்க வேண்டும். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த், அவற்றில் எல்.இ.டி.யின் கால்களை மாற்றிக் கொடுக்க வேண்டும். ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்பினாலும் இந்த வயர் இழுபடாமல் தளர்வாக விடுங்கள். இழை பல்பு இதற்கு உதவாது. ஒரு நொடியின் சிறு பங்கு மின்சாரம் போனால் இழையின் சூடு அதை மறைத்துவிடும், எல்.இ.டி. காட்டிக்கொடுக்கும்.

வண்டி விட்டுப்போகும் அதே கணத்தில் விளக்கும் அணைந்தால், கோளாறு பேட்டரிக்கும் காயிலுக்கும் நடுவில் இருக்கிறது. பேட்டரி முனை, ஃபியூஸ், சாவி சுவிட்ச், எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்ச், வயரிங் ஆகிய ஐந்தில் ஒன்று. விளக்கு எரிந்துகொண்டே இருக்க எஞ்சின் மட்டும் போனால் காயில், பாயின்ட், கண்டன்சர், பிளக் வயர் பக்கம் பார்க்கலாம், அல்லது பெட்ரோலுக்குப் போகலாம். இதில் ஒரு குறை உண்டு. 9 வோல்ட்டிலும் எல்.இ.டி. பளிச்சென்றே எரியும். முழு வெட்டைத்தான் அது காட்டும், பாதி இழப்பைக் காட்டாது. அதற்கு மல்டிமீட்டர் வேண்டும். குறைந்தபட்ச அளவைப் பிடித்து வைக்கும் வசதி உள்ள மீட்டரை டேங்க் மேல் பத்திரமாகக் கட்டி ஒரு சுற்று ஓட்டினால் விஷயம் வெளியே வந்துவிடும்.

விளக்கு அணைகிறது என்று தெரிந்தால், அடுத்த வேலை ஒரு மாற்று வழி போடுவது. 1.5 சதுர மி.மீ. வயரில் 10 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைச் சேர்த்து, பேட்டரியிலிருந்து நேராகக் காயில் முனைக்குக் கொடுங்கள். அதே சாலையில் அதே தூரம் ஓட்டுங்கள். கோளாறு வரவே இல்லை என்றால் காயிலும் பாயின்டும் நிரபராதிகள். ஞாபகம் இருக்கட்டும், இந்த வயர் இருக்கும்வரை சாவியை அணைத்தாலும் எஞ்சின் நிற்காது. நின்ற பிறகும் பாயின்ட் மூடிய நிலையில் இருந்தால் காயிலில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்து அதைச் சுட்டுவிடும். இறங்கியதும் வயரைக் கழற்றிவிட வேண்டும்.

இனி அந்த ஐந்தில் எது என்று தேட வேண்டும். இங்கேதான் பலரும் ஓம் மீட்டரை நம்பி ஏமாறுகிறார்கள். வயருக்குள் இருக்கும் செம்பு இழைகளில் ஒன்றோ இரண்டோ மட்டும் மிஞ்சியிருந்தாலும் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் ஓம் என்றே காட்டும். மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய மின்னோட்டம், காயில் கேட்பதோ 3 ஆம்பியர், 4 ஆம்பியர். சோதனையும் பாரத்தோடு இருக்க வேண்டும். இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட் 21 வாட் பல்பு சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும். காயிலுக்குப் போகும் வயரைக் கழற்றி, அந்த பல்பை அதன் முனைக்கும் எர்த்துக்கும் நடுவில் கொடுத்துவிட்டு வயரிங்கை அசையுங்கள். இழை அறுந்த இடம் வந்ததும் பல்பு மங்கும்.

அதைவிட நுட்பமானது வோல்ட் இழப்பைப் பார்க்கும் சோதனை. சாவியைப் போட்டு, பாயின்ட் மூடியிருக்கும்படி எஞ்சினை நிறுத்தி, மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பேட்டரி பாசிட்டிவில், மறுமுனை காயிலின் உள்வரும் முனையில். மீட்டர் காட்டுவது வழியில் தொலைந்த வோல்ட். 0.5-க்குள் இருந்தால் நல்லது. 1-ஐத் தாண்டினால் தேடியாக வேண்டும். பேட்டரி முனையில் வைத்த மீட்டர் முள்ளை அங்கேயே விட்டுவிட்டு, மறுமுள்ளை ஃபியூஸின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், சுவிட்சுக்கு முன், சுவிட்சுக்குப் பின் என்று நகர்த்திக்கொண்டே போங்கள். எண் எந்த இடத்தில் குதிக்கிறதோ அதுதான் குற்றவாளி. நிறுத்திவைத்த எஞ்சினில் சாவியைத் தொடர்ந்து ஒரு நிமிடத்துக்கு மேல் போட்டு வைக்காதீர்கள், காயில் சூடேறும்.

1 வோல்ட் போனால் என்ன என்று கேட்பார்கள். 4 ஓம் காயிலில் 12 வோல்ட் கொடுத்தால் 3 ஆம்பியர் ஓடும். வழியில் அரை ஓம் தடை சேர்ந்தால் 2.7 ஆம்பியருக்குக் கீழே இறங்கும். தீப்பொறியின் ஆற்றல் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அதில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. சும்மா ஐடிலில் நிற்கும்போது அது தெரியாது. மேட்டில் முழு ஆக்சிலேட்டரில் சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும்போதுதான் பிளக் இடைவெளியைத் தாண்டத் தீப்பொறிக்குத் தெம்பு இல்லாமல் போகிறது. ஹாரன் அடித்தால், பிரேக் பிடித்தால், ஹெட்லைட் போட்டால் மிஸ்ஸிங் வருகிறது என்றால் சந்தேகமே வேண்டாம். எல்லாமே ஒரே சுவிட்ச் வழியாக மின்சாரம் எடுக்கின்றன, அந்த வழி குறுகிவிட்டது.

வழக்கமாகக் குதிக்கும் இடங்கள் சில உண்டு. கண்ணாடி ஃபியூஸின் மூடிக்குள் இழை பற்றவைத்த இடம் விட்டிருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் முழு ஃபியூஸ் போலவே தெரியும். ஃபியூஸைப் பிடிக்கும் ஸ்பிரிங் சூடேறித் தளர்ந்திருக்கும். சாவி சுவிட்சுக்குள் பழைய கிரீஸ் கருகிப் பித்தளைத் தொடுமுனைகளின் மேல் படிந்திருக்கும். ஓடும் எஞ்சினில் சாவியை மேலும் கீழும் லேசாக அசைத்தால் தெரிந்துவிடும். ஹேண்டில்பார் திரும்பும் கழுத்துப் பகுதியில்தான் வயரிங் தினமும் மடிந்து நிமிர்கிறது. மேலே உறை நன்றாக இருக்க, உள்ளே செம்பு ஒடிந்திருக்கும். ஐடிலில் விட்டுவிட்டு ஹேண்டிலை இடம் வலமாக முழுதாகத் திருப்புங்கள். எஞ்சின் வேகம் ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது, எஞ்சின் தடுமாறினால் வயர். பேட்டரியே உள்ளுக்குள் விட்டுப்போவதும் உண்டு. 12.6 வோல்ட் காட்டும், ஹெட்லைட் போட்டதும் விழும், ஒரு தட்டுத் தட்டினால் திரும்பும். ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் ஓடும்போது பல்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஃபியூஸானால் பேட்டரி முனை கழன்று கழன்று சேர்கிறது என்று அர்த்தம்.

புது வயரிங் கிட் போட்டாயிற்று, அதனால் வயரிங் பிரச்சினை இருக்காது என்ற வாதமும் செல்லாது. நகலாக வரும் கிட்டுகள் சிலவற்றில் வயர் மெலிது, முனைகள் உறையின் மேலேயே அழுத்தப்பட்டிருக்கும். வெறும் கையால் ஒவ்வொரு முனையையும் இழுத்துப் பாருங்கள். வலுவாக இருக்கட்டும் என்று எல்லா முனைகளிலும் சால்டர் வைப்பவர்கள் உண்டு. ஈயம் இழைகளுக்குள் ஊறி வயரைக் கம்பியாக்கிவிடும், ஈயம் முடியும் இடத்தில் அதிர்வால் ஒடியும். நல்ல கருவியால் அழுத்திய முனையும், பக்கத்திலேயே வயரைப் பிடித்து நிறுத்தும் ஒரு கட்டும் சால்டரை விடப் பல ஆண்டு உழைக்கும்.

புதுப்பித்த வண்டியின் தனிப்பெரும் வியாதி எர்த். பவுடர் கோட்டிங் மின்சாரத்தைக் கடத்தாது. முன்பு துருவேறிய ஃப்ரேமில்கூட போல்ட்டின் திருகு வழியாக எர்த் கிடைத்துக்கொண்டிருந்தது. இப்போது பளபளக்கும் ஃப்ரேமில் எஞ்சின் போல்ட், காயில் கிளாம்ப், ரெகுலேட்டர், பேட்டரி எர்த் எல்லாமே பெயின்ட் மேல் உட்கார்ந்திருக்கின்றன. அதிர்வில் பெயின்ட் எங்கோ கீறி இரும்பு தொட்டால் வண்டி ஓடும், விலகினால் விட்டுப்போகும். சோதிக்க, மீட்டரின் ஒரு முள்ளை பேட்டரி நெகட்டிவ் முனையின் ஈயத்திலேயே வைத்து, இன்னொன்றை எஞ்சினின் வெறும் உலோகத்தில் வையுங்கள். சாவி போட்டு, பாயின்ட் மூடி, விளக்கும் எரியும்போது 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. செல்ஃப் ஸ்டார்ட்டர் அழுத்தும்போது கிளட்ச் கேபிளோ ஆக்சிலேட்டர் கேபிளோ சூடானால், எர்த் அந்தக் கேபிள் வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது. அதற்கப்புறம் மீட்டரே தேவையில்லை.

லக் (எர்த் வயரின் முனையில் உள்ள வளையம்) உட்காரும் இடத்தில் மட்டும் லக்கின் அளவுக்குப் பெயின்ட்டைச் சுரண்டி, பல்லுள்ள வாஷர் வைத்து இறுக்கி, பிறகு வெளிப்புறம் வாசலின் தடவுங்கள். அதோடு, பேட்டரியிலிருந்து எஞ்சின் போல்ட்டுக்கே நேராக ஒரு 4 சதுர மி.மீ. எர்த் வயர் போட்டுவிட்டால் ஃப்ரேமை நம்பியிருக்க வேண்டியதில்லை. செல்ஃப் உள்ள வண்டிக்கு இது போதாது, அதற்கென்று உள்ள தடித்த கேபிளையே போட வேண்டும். சி.டி.ஐ. வண்டிகள் (பாயின்டுக்குப் பதில் மின்னணுப் பெட்டி உள்ளவை) பலவற்றில் காயிலின் ஒரு முனை அதன் இரும்புச் சட்டத்தின் வழியாகவே எர்த் எடுக்கிறது. காயிலைத் தாங்கும் பட்டைக்குப் பெயின்ட் அடித்துவிட்டு, சி.டி.ஐ. பெட்டியை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

காயில்வரை மின்சாரம் குறையாமல் வருகிறது, இருந்தும் வெட்டுகிறது என்றால் பாயின்டைத் திறக்கலாம். பெரும்பாலான பழைய வண்டிகளில் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. உங்கள் வண்டியின் கையேடு வேறு சொன்னால் அதுவே சரி. பாயின்டைத் திறக்கும் கேமில் ஒரு துளி கிரீஸ் இல்லாவிட்டால், அதன் மேல் உரசும் பாயின்டின் குதிகால் தேய்ந்து இடைவெளி மூடிக்கொண்டே வரும், டைமிங்கும் பின்தங்கும். கேம் தண்டைப் பக்கவாட்டில் அழுத்தும்போது இடைவெளி மாறினால் புஷ் தேய்ந்திருக்கிறது. அந்த வண்டியில் எத்தனை புதுப் பாயின்ட் போட்டாலும் அதிக வேகத்தில் மிஸ்ஸிங் வரும். முகத்தை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், மணல் துகள் பதிந்துவிடும். பாயின்ட் அரத்தால் ஓரிரு இழுப்பு, பிறகு பெட்ரோலில் நனைத்த கெட்டித் தாளை நடுவில் விட்டு இழுத்துத் துடைத்தால் போதும். புதுப் பாயின்டிலும் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெய்ப் படலம் இருக்கும், அதையும் துடைக்க வேண்டும்.

அங்கேயே இன்னொன்றைக் கிட்டப்போய் டார்ச் அடித்துப் பாருங்கள். பாயின்டின் ஸ்பிரிங் முனையில் வயர், கண்டன்சர் முனை, ஃபைபர் வாஷர், நட்டு என்று ஒரு வரிசை இருக்கிறது. பெயின்ட் வேலைக்காகக் கழற்றி மாட்டும்போது ஃபைபர் வாஷர் இடம் மாறிவிட்டால், ஸ்பிரிங் தட்டை மயிரிழை இடைவெளியில் தொட்டும் தொடாமலும் நிற்கும். நிற்கும் வண்டியில் ஒன்றும் தெரியாது. குறிப்பிட்ட வேகத்தில் அதிர்வு வந்ததும் எர்த் ஆகித் தீப்பொறி போகும். தட்டிலிருந்து வெளியே வரும் வயரின் ரப்பர் குரோமெட் எண்ணெயில் இறுகி வெடித்திருந்தாலும் இதே கதைதான்.

கண்டன்சர் போகும்போது பாயின்டில் மஞ்சளும் நீலமுமாகப் பெரிய பொறி பறக்கும், முகம் கருகும். பொதுவாக அதன் அளவு 0.20–0.25 மைக்ரோ ஃபாரட். மீட்டரில் அளந்தால் சரியாகவே காட்டலாம். ஆனால் பாயின்ட் திறக்கும் கணத்தில் அது தாங்க வேண்டியது 200, 300 வோல்ட், அதுவும் எஞ்சின் சூட்டில். அந்த நிலையை மீட்டர் தராது. நல்லது என்று தெரிந்த ஒரு கண்டன்சரை வெளியே, பாயின்ட் முனைக்கும் எர்த்துக்கும் நடுவில் கிளிப் போட்டு மாட்டி ஓட்டிப் பாருங்கள். பழையது உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருக்கலாம் என்பதால் அதன் வயரைக் கழற்றிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். இன்று கடைகளில் வரும் புதுக் கண்டன்சர்களிலேயே சரக்கு சரியில்லாதவை உண்டு. பெட்டியைப் பிரித்த அன்றே போகும் கண்டன்சர் ஒன்றும் அதிசயமல்ல.

காயில் சூட்டில் விட்டுப்போகிறதா என்பதை ஆறிய பிறகு அளந்து பயனில்லை. வண்டி நின்ற உடனே, சாலையோரத்திலேயே அளக்க வேண்டும். இல்லையென்றால் வீட்டில் ஹேர் டிரையரால் காயிலைக் கை பொறுக்காத சூட்டுக்குக் கொண்டுவந்து ஓம் பாருங்கள். 12 வோல்ட் காயிலின் முதன்மைச் சுற்று பொதுவாக 3–5 ஓம், 6 வோல்ட் காயிலில் 1–2 ஓம். இரண்டாம் சுற்று ஆயிரக்கணக்கில் இருக்கும், அது சூட்டில் முடிவிலிக்குப் போனால் காயில் முடிந்தது. 6 வோல்ட் வண்டியை 12-க்கு மாற்றிவிட்டுப் பழைய காயிலையே விட்டுவிடும் தவறையும் சொல்ல வேண்டும். 1.5 ஓம் காயிலில் 12 வோல்ட் கொடுத்தால் 8 ஆம்பியர் ஓடப்பார்க்கும். முதலில் பிரமாதமாக ஓடும், கொஞ்ச நேரத்தில் காயில் கொதித்துத் தீப்பொறி மங்கும், பாயின்டும் கருகும்.

பிளக் கேப்பை மறக்க வேண்டாம். உள்ளே 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் உள்ளதை அளந்து பதினைந்து, இருபது என்று காட்டினால் தூக்கிப் போடுங்கள். வயரின் முனையில் செம்பு கறுத்திருந்தால் 5 மி.மீ. வெட்டிவிட்டு மறுபடி திருகுங்கள். தீப்பொறி பார்க்கும்போது பிளக்கின் உடலை எஞ்சினில் உறுதியாகத் தொட வைக்க வேண்டும். பிளக் வயரை அந்தரத்தில் விட்டுக் கிக்கரை மிதித்தால், தப்பிக்க வழியில்லாத மின்னழுத்தம் காயிலையும் சி.டி.ஐ.யையும் உள்ளேயே துளைக்கும். பிளக் துளையிலிருந்து வரும் பெட்ரோல் ஆவி பக்கத்தில் பொறி வேண்டாம்.

மேக்னெட்டோ (காந்தத்தால் தானே மின்சாரம் உண்டாக்கித் தீப்பொறி தருவது), சி.டி.ஐ. வண்டிக்காரர்கள் மேலே சொன்ன மாற்று வழி வயரைப் போடவே கூடாது. அங்கே கணக்கு தலைகீழ். பேட்டரி காயில் வண்டி, வயர் அறுந்தால் நிற்கும். பேட்டரியை நம்பாத மேக்னெட்டோவிலும் மேக்னெட் காயிலில் ஓடும் சி.டி.ஐ.யிலும் எஞ்சினை நிறுத்துவதே ஒரு வயரை எர்த் செய்வதன் மூலம்தான். அந்த வயர் டேங்குக்கு அடியிலோ ஹெட்லைட்டுக்குள்ளோ உரசி உலோகத்தைத் தொட்டால் வண்டி வெட்டும். சோதனை எளிது. நிறுத்தும் அந்த வயரை எஞ்சின் பக்கத்திலேயே கழற்றி, முனையை டேப் சுற்றி, ஓட்டிப் பாருங்கள். அப்போது சாவியால் நிறுத்த முடியாது. வண்டி நின்ற பிறகு பிரேக்கை அழுத்திக் கியரில் கிளட்ச்சை விட்டு அணைக்க வேண்டும்.

பெட்ரோல் பக்கம் வந்தால், கார்புரேட்டரைத் தொடும் முன் அதற்கு வரும் வரத்தைத்தான் பார்க்க வேண்டும். எஞ்சின் ஆறட்டும், அருகில் நெருப்பு வேண்டாம். குழாயை கார்புரேட்டரிலிருந்து கழற்றி, அதே உயரத்தில் பிடித்து, அளவுக் குவளையில் விடுங்கள். லிட்டருக்கு 30 கி.மீ. தரும் வண்டி மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 50 மி.லி. குடிக்கும், மேட்டில் அதைப்போல் இரு மடங்கு. டேங்கில் கொஞ்சமே பெட்ரோல் இருக்கும்போதும் நிமிடத்துக்கு 200 மி.லி. வந்தால் கவலையில்லை. ஆனால் ஒரு நிமிடத்தோடு நிறுத்தாதீர்கள், மூன்று நிமிடம் விடுங்கள். வேகமாகத் தொடங்கிப் போகப் போக மெலிந்து, மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே போய் மறுபடி பெருகினால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. குரோம் பூசிய புது மூடியில் துளையே பூச்சால் அடைபட்டிருப்பதும், ரப்பர் வாஷர் அதை மூடியிருப்பதும் உண்டு.

மூடி சரி, ஆனால் தொடக்கத்திலிருந்தே மெலிவு என்றால் காக்கின் (டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் திருகு) வலையைக் கழற்றுங்கள். துரு மட்டுமா வரும்? டேங்குக்குள் பூசிய பழைய பூச்சு, எத்தனால் கலந்த பெட்ரோலில் ஊறி, செதில் செதிலாகப் பெயர்ந்து வலையின் வாயில் இலைபோல் ஒட்டிக்கொள்ளும். வண்டி நின்று உறிஞ்சல் ஓய்ந்ததும் தானாக விலகிவிடும், நீங்கள் தேடும்போது ஒன்றும் இருக்காது. பம்ப் உள்ள வண்டிகளுக்கான காகித ஃபில்டரைப் புவியீர்ப்பில் இறங்கும் குழாயில் போடுவதும் தவறு, அதைத் தள்ளும் அழுத்தம் இங்கே இல்லை. குழாய் எங்கும் மேலே வளைந்து இறங்கக் கூடாது, அந்த மேட்டில் காற்று உட்கார்ந்துகொள்ளும்.

வரத்து நன்றாக இருந்தால் மட்டுமே ஃப்ளோட் கிண்ணத்தை (கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் நிற்கும் இடம்) திறக்க வேண்டும். திறக்கும்போது உள்ளே இருப்பதைக் கொட்டிவிடாமல் ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றுங்கள். அடியில் முத்துப்போல் உருளும் துளி இருந்தால் அது தண்ணீர். அது மெயின் ஜெட்டின் (எஞ்சினுக்குப் பெட்ரோல் போகும் சிறு துளை) வாயில் வந்து உட்காரும்போது வண்டி வெட்டும், விலகும்போது ஓடும். பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் சலசலத்தால் அது ஓட்டை, வண்டி கறுப்புப் புகையோடு மூச்சு முட்டும்.

சூட்டில் மட்டும் வரும் இழுவைக் குறைவுக்கு, மின்சாரமும் பெட்ரோலும் சரியாக இருந்தால், நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் டேப்பெட்டைப் பாருங்கள். ஹெட் வேலை முடித்த எஞ்சினில் கேஸ்கெட் அமர்வதாலும் வால்வு சீட்டில் படிவதாலும் இடைவெளி குறையும். சூட்டில் எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் போகும், ஆறினால் திரும்பும். முதல் 500 கி.மீ.க்குள் ஹெட் நட்டுகளை இறுக்கிவிட்டு, குளிர்ந்த எஞ்சினில் இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். இரண்டு ஸ்ட்ரோக்கில் மேக்னெட் பக்க கிராங்க் ஆயில் சீல் காற்றை இழுத்தால், ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் இறங்கத் தாமதிக்கும். கியர் பக்க சீல் போனால் வெள்ளைப் புகை, கூடவே கியர் ஆயிலும் குறையும்.

எந்தப் பாகத்தை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான். மாற்றிய பிறகு கோளாறு போய்விட்டால், அதோடு விடாமல் பழைய பாகத்தை மறுபடி மாட்டி ஓட்டுங்கள். காயிலோ கண்டன்சரோ குற்றவாளி என்றால், அதே சூட்டில் வண்டி மறுபடி வெட்டியாக வேண்டும். வெட்டவில்லை என்றால், மாற்றும்போது அசைந்த வேறு ஏதோ இணைப்புதான் சேர்ந்திருக்கிறது. ஹேண்டில்பாரில் ஒட்டிய எல்.இ.டி.யை அதுவரை கழற்ற வேண்டாம்.

இப்படிக்கு,
பழைய மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் வாசகர் ஒருவர்